முன்பக்கம் தெரியாத கார்

போடி மெட்டு மலையை நடந்து ஏறியவர்கள் உண்டு. கழுதை மேல் ஏறியவர்கள் உண்டு. காரில் உட்கார்ந்து, மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டே உச்சிவரை ஏறியவர் இந்தப் பூலோகத்திலேயே எங்கள் ரிவர்ஸ் மாமா ஒருவர்தான். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். கேட்டால் அவரே கொஞ்ச நேரம் யோசிப்பார்.

1950களில் நான் போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். மாமா எங்கள் தெருக்காரர். எஸ்டேட் துரை ஒருவர் கழித்துக் கட்டிய கார், மூன்று கை மாறி இவரிடம் வந்து சேர்ந்தது. மலைக்கு வாடகை ஓட்டிப் பிழைப்பதாகத் திட்டம். முதல் நாளே, அடிவாரத்து முந்தல் தாண்டிய முதல் வளைவில் கார் படுத்துவிட்டது. அந்தக் காருக்குப் பெட்ரோல் டேங்க் சீட்டுக்கு அடியில். மேடு வந்தால் இஞ்சின் உயரத்துக்குப் போய்விடும், பெட்ரோல் பள்ளத்திலேயே தங்கிவிடும். வேறு ஆளாக இருந்தால் காரைத் தலைமுழுகியிருப்பார். மாமா காரைத் திருப்பி நிறுத்தி ரிவர்ஸ் போட்டார். டேங்க் மேலே போனது, இஞ்சின் கீழே வந்தது, கார் குடுகுடுவென்று ஏறிவிட்டது.

அத்தோடு விட்டாரா? பின்னாலும் இரண்டு ஹெட்லைட் மாட்டினார். பின்னாலும் ஒரு ரப்பர் ஹார்ன். ஏறுகிறவர்களுக்குத் தலை சுற்றக்கூடாதென்று பின்சீட்டைத் திருப்பிப் போட்டார். இஞ்சின் மூச்சுத் திணறுகிறது என்று சைலன்சரைக் கழற்றி எறிந்தார். மாமா புறப்பட்டால் தேவாரத்துக் காட்டு யானைகள் திரும்பிப் பார்க்கும் என்று ஊரில் பேச்சு. இறங்கும்போது பிரேக் பிடிக்காது. அதற்கும் வழி கண்டார். மெட்டு உச்சியில் ஒரு பெரிய மரத்துண்டைக் கயிற்றால் காருக்குப் பின்னால் கட்டி, அதை இழுத்துக்கொண்டே இறங்குவார். ஏற்றம் முழுக்கப் பின்னால் பார்த்தே ஓட்டி ஓட்டி அவர் கழுத்து வலது பக்கம் திரும்பினபடியே நின்றுவிட்டது. சாமி கும்பிடும்போதுகூட அவர் பக்கத்தில் நிற்பவரைத்தான் கும்பிடுவது போலிருக்கும்.

ஒருநாள் மதுரையிலிருந்து, வண்டிகளைச் சோதித்து சர்ட்டிபிகேட் கொடுக்கிற பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். காரை இரண்டு சுற்று சுற்றிவிட்டுக் கேட்டார்.

"இதுல முன்பக்கம் எதுய்யா?"

"போகையிலயா, வரையிலயா சார்?"

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பிரேக்கக் காட்டு."

மாமா மரத்துண்டைக் காட்டினார்.

"யோவ், இது மரம்யா."

"பிரேக்குன்னா வண்டி நிக்கணும், அம்புட்டுத்தான சார்? இது நிக்கும்."

எல்லாவற்றையும் கழற்றி, கம்பெனி செய்த மாதிரியே கொண்டுவந்தால்தான் சர்ட்டிபிகேட் என்று தீர்ப்பானது. இனி ஒருதரம் ரிவர்ஸில் மலை ஏறினால் சர்ட்டிபிகேட் போய்விடும் என்றும் சொல்லிவிட்டார். மாமா கழற்றினார். பிரேக்கையும் சரிசெய்தார். சர்ட்டிபிகேட்டும் கிடைத்தது. கார் இப்போது பரம யோக்கியமான கார். சட்டத்துக்கு முழுக்கக் கட்டுப்பட்டது, மலையை மட்டும் ஏறாது. தேவாரம் ரோட்டில் பஸ்ஸுக்குப் பின்னாலேயே போய், பஸ் விட்டுவிட்டுப் போன ஒன்றிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு திரிந்தார்.

அந்தச் சமயத்தில்தான், மெட்டுக்கு அந்தப் பக்கம் எஸ்டேட்டில் வாழ்க்கைப்பட்டிருந்த என் தங்கச்சிக்கு வலி கண்டது. பிள்ளை கால் மாறிக் கிடக்கிறது, போடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால்தான் இரண்டு உயிரும் தங்கும் என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாளாம். எஸ்டேட் ஆள் ஒருவர் குறுக்குப் பாதையில் இறங்கி ஓடிவந்து சொன்னார். பஸ் போய்விட்டது. அடுத்தது மறுநாள்தான். அம்மா நேரே மாமா வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"கால் மாறிக் கெடக்குதா?" என்றார் மாமா, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டே. "அப்ப அது நம்ம ஆளுதானக்கா. ரிவர்ஸ்ல வருது. ஏறுங்க வெரசா."

அழுதுகொண்டிருந்த அம்மா அழுகையிலேயே சிரித்துவிட்டாள்.

முந்தலில் காரைத் திருப்பினார். பின்லைட்டும் இல்லை, பின்ஹார்னும் இல்லை என்பதால் நான் பின்னால் தொற்றிக்கொண்டு, "மாடு! வளைவு! லாரி!" என்று கத்திக்கொண்டு வரவேண்டும் என்று ஏற்பாடு. கார் நகரவும் செக்போஸ்ட் நிழலிலிருந்து ஒருவர் எழுந்து வரவும் சரியாக இருந்தது. பிரேக் இன்ஸ்பெக்டர்!

"எங்கய்யா போற?"

"போடிக்கு சார்."

"போடி அந்தப் பக்கம் இருக்கு."

"வண்டியும் அந்தப் பக்கந்தான சார் பாத்துக்கிட்டு நிக்கிது."

அம்மா உள்ளேயிருந்து விஷயத்தைச் சொன்னாள். இன்ஸ்பெக்டர் மலையைப் பார்த்தார், காரைப் பார்த்தார், பிறகு கையை நீட்டினார்.

"சர்ட்டிபிகேட்டக் குடு. போயி அந்தப் பொண்ணக் கூட்டிட்டு வா. நாளையிலருந்து இந்த வண்டிய ரோட்டுல பாக்கக்கூடாது."

"மாமா, வேற வண்டி ஏதாச்சும் கேட்டுப் பாப்போமா?" என்றேன். அந்தக் காகிதம் போனால் அவர் பிழைப்பு போனது என்று எனக்குத் தெரியும்.

"ஒம் சோலி என்ன? கத்துறதுதான? கத்து மாப்ளே!" என்றபடி சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு ரிவர்ஸ் போட்டார். அன்றைக்கு நான் கத்திய கத்தலில் ஒரு வாரம் தொண்டை கட்டிக்கொண்டது.

தங்கச்சியை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது சரிசெய்த பிரேக்கை அவர் நம்பவே இல்லை. மரத்துண்டைக் கட்டித்தான் இறக்கினார். தங்கச்சி வலியில் அவரை வைத வசவு இத்தனை அத்தனை அல்ல. எல்லாவற்றுக்கும், "ஆமா தாயி, ஆமா தாயி" என்று தலையாட்டிக்கொண்டே ஓட்டினார். மரத்தை அவிழ்க்கவும் மறந்து, போடிக் கடைத்தெரு முழுக்கப் புழுதி கிளப்பிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். பெண் குழந்தை. தாயும் சேயும் சுகம்.

மறுநாள் மாமா காரை மாட்டுக்கொட்டத்தில் தள்ளி நிறுத்தினார். ஐம்பதை நெருங்கும் வயதில் ஒரு லாரியில் கிளீனராகப் போனார். அம்மா கண்ணைக் கசக்கினால், "ஓட்ட வண்டிதானக்கா, விடுங்க" என்பார், கழுத்தைத் திருப்பியபடியே.

சட்டப்படி பார்த்தால் அவர் செய்தது குற்றம்தான். எங்கள் வீட்டில் அவரை ஒருநாளும் யாரும் சட்டப்படி பார்த்ததில்லை.