கேரட் விஷயத்தில் மூன்று சாட்சிகள்

குன்னூர்,
பங்குனி கடைசி, விடாத தூறல்.

'மூன்று சாட்சி' இணையப் பக்கத்தின் மதிப்பிற்குரிய ஆசிரியர் செல்வி வர்ஷா அவர்களின் மேலான பார்வைக்கு, குன்னூர் காய்கறி மண்டி கருப்புசாமி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் துணைவியார் அம்சவேணியும் நலம். அங்கு தாங்களும் தாங்கள் சென்னையில் வளர்க்கும் பூனையும் நலமென்று நம்புகிறோம்.

பெற்ற மகளுக்கு எதற்கு இத்தனை மரியாதை என்று கேட்பீர்கள். அப்பாவாக நான் அனுப்பிய செய்திகளுக்கு இரண்டு மாதத்தில் கிடைத்த பதில் பதினோரு கட்டைவிரல் படமும், "மீட்டிங்ல இருக்கேன்பா" நான்கும். ஆனால் உங்கள் பக்கத்தின் அடியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது: 'தகவலில் பிழை கண்டால் எழுதுங்கள், ஏழு நாளுக்குள் ஆசிரியரே விரிவாகப் பதில் எழுதுவார்.' நான் நாற்பது வருடம் வியாபாரம் பண்ணியவன். முன்வாசல் அடைத்திருந்தால் பின்வாசலில் லாரியை நிறுத்தத் தெரியும். ஆகவே இன்று முதல் நான் வாசகன்.

என் புகார் இது. சென்ற செவ்வாயன்று தாங்கள் ஒரு துணுக்கு போட்டீர்கள்: 'கேரட் தின்றால் பார்வை கூர்மையாகும் என்பது பாதி உண்மையே. வைட்டமின் ஏ குறைந்தவர்களுக்கு அது உதவும். மற்றவர்களுக்கு எத்தனை தின்றாலும் கூடுதலாக ஒன்றும் தெரியாது.' ஒன்றரை லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். கேரட் மூட்டை மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய பெண் போடுகிற துணுக்கா இது? மறுநாள் காலை என் கடையில் ஓர் அம்மா கேரட்டைக் கையில் எடுத்து, ஒரு மாதிரி பார்த்து, திரும்ப வைத்துவிட்டு பீட்ரூட் கேட்டார்.

சும்மா கோபப்பட்டு எழுதவில்லை; விசாரித்துத்தான் எழுதுகிறேன். உங்கள் பக்கத்தின் விதி எனக்குத் தெரியும், ஏனென்றால் அது என்னுடையது. மேட்டுப்பாளையத்தில் அன்றைக்கு என்ன விலை என்று அறிய, ஒருவரோடு ஒருவர் பேச்சுவார்த்தை இல்லாத மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேட்பேன். மூவரும் ஒன்றையே சொன்னால் லாரி கிளம்பும். அதற்குத்தான் தாங்கள் இஸ்திரி போட்டு, 'ஒன்றையொன்று பார்த்து எழுதாத மூன்று ஆதாரங்கள்' என்று மாட்டி வைத்திருக்கிறீர்கள். சந்தோஷம்.

முதல் சாட்சி, கேத்தி நல்லசாமி. எனக்குப் போட்டிக் கடைக்காரர், ஒன்பது வருடமாக என்னோடு பேச்சில்லை, ஆகவே தங்கமான சாட்சி. கதவைத் தட்டி, "ஏனுங்க, கேரட் தின்னா கண்ணு நல்லாத் தெரியுமுங்களா?" என்றேன். "இதைக் கேக்கவா ஒம்பது வருசம் கழிச்சு எங்கூட்டுக்கு வந்தீங்க? தெரியுமுங்க, அதுல என்ன சந்தேகம்?" என்றார். இரண்டாவது, என் கடை வாடிக்கைக்காரர், அருவங்காடு குவார்ட்டர்ஸ் பாலாமணி. "எங்கூட்டுக்காரரு ரிட்டயர்டு ஆகியும் கண்ணாடி இல்லாமப் பேப்பர் படிக்கறாரே, எல்லாம் கேரட்டுதானுங்க" என்றது அந்தம்மா. மூன்றாவது, ஜெகதளாவில் இருக்கும் உங்கள் பழைய அறிவியல் வாத்தியார் தினகரன். "பதினெட்டு வருசமாப் பாடமாவே நடத்தியிருக்கேனுங்க!" என்றார்.

மூன்றும் சேர்ந்தாயிற்று என்று மீசையைத் தடவிக்கொண்டு படி இறங்கினவன், பாதியில் நின்றேன். மூட்டை வாங்கும்போது மேலே அடுக்கியிருப்பதை நான் நம்புவதில்லை, அடியைப் பிரிக்கச் சொல்வேன் இல்லையா, அந்தப் பழக்கம் விடவில்லை. திரும்பிப் போய், "வாத்தியாரே, இது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"உங்க வர்ஷாதானுங்க அஞ்சாவதுல எந்திரிச்சு நின்னு, 'எங்கப்பா சொன்னாருங்க சார்'னு சொல்லுச்சு. கேரட் யாவாரி சொன்னாத் தப்பா இருக்குமான்னு நானும் நோட்டுல எழுதிக்கிட்டேன்."

வாத்தியார் வீட்டுப் படியிலேயே உட்கார்ந்தேன். பாலாமணிக்குப் போன் போட்டேன். "நீங்கதானுங்க சொன்னீங்க, நான் முள்ளங்கி கேட்டப்ப." நல்லசாமிக்குப் போட்டேன். "அதைச் சொல்லித்தானே உங்க கடையில யாவாரம் சூடா நடந்துச்சு? நானும் அதையே சொல்லி வித்தனுங்க. அதுக்குத்தான் பேச்சை நிறுத்துனீங்களாக்கும்?"

ஆக, மூன்று சாட்சியும் ஒரே ஆள். அது நான். அருவங்காடு முதல் கேத்தி வரை முப்பது வருடமாக அந்தப் பேச்சு என் வாயிலிருந்து புறப்பட்டு ஊர் சுற்றி, வாத்தியார் நோட்டில் ஏறி, எனக்கே ஆதாரமாகத் திரும்பி வந்திருக்கிறது. சரி, எனக்கு யார் சொன்னது என்று உன் அம்மாவிடம் கேட்டேன். பருப்பு கடைந்துகொண்டே சொன்னாள்.

"உங்களுக்கு ஆரும் சொல்லலீங்க. நீங்களே கட்டி உட்டது. வர்ஷா நாலு வயசுல கேரட்டைத் துப்பிப் போட்டு, அந்த ஜன்னல்லயே உக்காந்து, அப்பா லாரி தெரியல தெரியலன்னு அழுவா. 'கேரட் தின்னாத்தான் சாமி கடைசி வளைவுல லாரி தெரியும்'னு சொல்லிட்டு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போனீங்க. அன்னைக்கு மூணு தின்னா."

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது, அம்மிணி. சொல்லிவிட்டுப் போனவனுக்கு மேட்டுப்பாளையத்தில் இருப்புக் கொள்ளவில்லை. நீ தின்று முடித்தும் லாரி தெரியாவிட்டால் நான் பொய்யனாகிவிடுவேனே! சரக்கை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, டிரைவரைத் திட்டித் திட்டி மலை ஏறச் சொல்லி, அஞ்சு மணிக்கு அந்த வளைவுல வந்து ஆரனை அமுக்கினேன். நீ ஜன்னல்ல குதிச்சது அங்கிருந்தே தெரிஞ்சுது. அப்புறம் தினமும் அதே கதைதான். நல்ல பேரம் நடக்கறப்ப எந்திரிச்சு ஓடி வந்ததுக்கு மண்டியில என்னைப் பாத்துச் சிரிப்பாங்க. நீ படிச்ச படிப்புல இதுக்கு என்ன பேரோ, சொன்ன தகவல் பொய்யாகாம இருக்க நான் லாரியை ஓட்ட வச்சிருக்கேன். ஏழாவதுல உனக்குக் கண்ணாடி போட்டப்பவாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும்.

எனவே ஆசிரியர் அவர்களே, மேற்படி துணுக்கைத் தாங்கள் நீக்க வேண்டும், அல்லது 'குன்னூரில் ஒரு வீட்டுக்கு மட்டும் பொருந்தாது' என்று திருத்த வேண்டும். போனில் தீர்கிற விஷயம் இல்லை, ஜன்னலை நேரில் வந்து பார்வையிடுவது நல்லது. மேலும், மாரியம்மன் தேருக்கு வருவதாகப் போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் தாங்கள் வெளியிட்ட தகவல் சரிபார்க்கப்படாதது. அதையும் பிழைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளவும்.

வேளைக்குச் சாப்பிட்டு, கண்ணாடியைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கி, உலகத்துக்கே சரியானதைச் சொல்லி, ஆயுசோடும் பூனையோடும் நன்றாயிருக்க மாரியம்மன் துணையிருப்பாள். உன் அம்மா சுருக்குப்பை நிறைய முத்தம் அனுப்பச் சொன்னாள். அதைத் தபாலில் எப்படிக் கட்டுவதென்று தெரியவில்லை.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
கருப்புசாமி

பின்குறிப்பு: மேலே எழுதிய புகார் முழுவதையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நீ போட்டதுதான் சரி. ரெண்டு வருசமா அஞ்சு மணிக்கு அதே ஜன்னல்லதான் உக்காந்திருக்கேன், இந்த நாலு நாளா தினம் மூணு கேரட்டும் தின்னு பாத்துட்டேன் அம்மிணி. மேட்டுப்பாளையத்துப் பஸ்ஸெல்லாம் கடைசி வளைவுல நல்லாத்தான் தெரியுது. கூடுதலா ஒன்னும் தெரியல.