பூசணக்காரர் பிடுங்கிய கத்தரிச்செடிகள்

பெருமாட்டிப் பக்கம் வேர்விட்டு நிற்கும் எந்தச் செடியும் நிம்மதியாக இருந்ததில்லை என்றால், அதற்கு ஆடு மாடு காரணமில்லை, காட்டுப்பன்றியும் காரணமில்லை. பூசணக்காரர் ஒருவரே காரணம். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று ரேஷன் கார்டில் இருக்கத்தான் வேண்டும். நான் கேட்டதில்லை, யாரும் சொன்னதுமில்லை.

ஆளைக் கண்டால் முகத்தைப் பார்த்துச் சிரிக்கும் வழக்கம் அவரிடம் கிடையாது. நீங்கள் வரப்பில் நின்று “வாங்க” என்று சொல்லி முடிப்பதற்குள் குனிந்து உங்கள் செடி ஒன்றைப் பிடுங்கியிருப்பார். மண்ணை உதறி, கழுத்தில் கயிறு போட்டுத் தொங்கவிட்டிருக்கும் பூதக்கண்ணாடியால் வேரைப் பார்ப்பார். பிறகுதான் சௌக்கியம் விசாரிப்பார், அதுவும் வேர் சௌக்கியமாக இருந்தால் மட்டும். நோய் கண்ட செடியைப் பிடுங்கினாலாவது மனசை ஆற்றிக்கொள்ளலாம். இவர் கை போவது தோட்டத்திலேயே கொழுத்து நிற்கும் செடிக்குத்தான்.

கேட்டால் ஒரே பதில். “சீக்காளியப் பாத்து என்னங்க ஆகப்போகுது? நல்லா இருக்கறவன் எப்படி நல்லா இருக்கறான்னு பாக்கோணுமுங்க.”

ஒரு கல்யாண வீட்டு வாசலில் கட்டியிருந்த வாழைமரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, வேரில்லாமல் வெட்டி வந்துவிட்டார்களே என்று மாப்பிள்ளையின் அப்பாவிடம் குறைப்பட்டுக்கொண்டார். இன்னொரு நாள் துக்கம் கேட்கப் போன வீட்டில் எல்லோரும் தலை குனிந்து உட்கார்ந்திருந்தோம். அவரும் குனிந்தார். நிமிர்ந்தபோது கையில் ஒரு கொத்தமல்லிச் செடி இருந்தது. அந்த வீட்டு அம்மா அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் சொல்லும் சங்கதி ஒன்றுதான். நம் கேரளத்து அரசியல் மாதிரி மண்ணுக்குள்ளும் இரண்டு முன்னணி உண்டாம். கெட்ட பூசணம் வேரை அழுக வைக்கும். நல்ல பூசணம் அந்தக் கெட்டதைத் தின்றுவிட்டு வேரைத் தழைக்க வைக்கும். நல்லதிலேயே இன்னொரு வகை, வேருக்குள் குடியேறி, மயிரைவிட மெல்லிய நூல்களை மண்ணுக்குள் ஓட்டி, வேருக்கு எட்டாத இடத்திலிருந்து தண்ணீரும் சத்தும் இழுத்து வந்து கொடுக்கும். வாடகையாகச் செடியிடம் கொஞ்சம் சர்க்கரை வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான் என்பார்.

இதையெல்லாம் அவர் யாரிடம் சொன்னார் என்பதுதான் வேடிக்கை. நான் பக்கத்துச் சித்தூரில் இருபத்தாறு வருஷம் பேக்கரி நடத்தியவன். பன்னில் ஒரு பச்சைப் புள்ளி தெரிந்தால் ஊரே கடையை மறந்துவிடும். நான் பாம்புக்குப் பயந்ததில்லை. பூசணத்துக்குப் பயந்தேன்.

முட்டிவலி வந்து கடையை விட்டபின், வீட்டுக்குப் பின்னால் என் மாமனார் கொடுத்த அரை ஏக்கரில் கத்தரி போட்டேன். முதல் போகம் பூக்கும் சமயத்தில் வாடிச் செத்தது. இரண்டாம் போகம் பூக்கக்கூட இல்லை. கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் என் மச்சினன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அளவு டேப்போடு வந்து இறங்கினான். நிலத்தை நீளவாக்கில் அளந்தான், அகலவாக்கில் அளந்தான். பந்து விளையாடுகிறவர்களுக்கு டர்ஃப் போடலாமாம். “பிளாஸ்டிக் புல்லுங்க மாமா, வாடவே வாடாது” என்றான். என் முகம் எப்படிப் போயிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

என் மனைவி காவேரிதான் தீர்ப்புச் சொன்னாள். “ஏனுங்க, இன்னொரு போகம் பாருங்க. அதும் வாடுச்சுன்னா தம்பி கேக்கறபடி குடுத்துருவமுங்க.”

கடையும் போய், தோட்டமும் போனால் காலையில் எழுந்து நான் எங்கே போவேன்? வெட்கத்தை விட்டுப் பூசணக்காரரைப் போய்க் கூப்பிட்டேன். வந்தார். வாடி நின்ற செடியைப் பிடுங்கினார். வேர் கறுத்துக் குட்டையாகக் கிடந்தது. பலாமர நிழலில் காய்ந்த சாணத்தையும் வேப்பம்புண்ணாக்கையும் கொட்டச் சொன்னார். கிருஷி பவன் என்கிற விவசாய ஆபீசில் வாங்கிய நல்ல பூசணப் பொடியைக் கலந்து, புட்டுமாவுப் பதத்துக்குத் தண்ணீர் தெளித்து, ஈரச்சாக்கால் மூடினார். தான் வரும்வரை யாரும் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, மகளைப் பார்க்க மலைமேல் காந்தலூருக்குப் பஸ் ஏறிவிட்டார்.

ஐந்தாம் நாள் வருவதாகச் சொன்னவரை ஆறாம் நாளும் காணோம். சும்மா இருக்க முடியாமல் சாக்கைத் தூக்கிப் பார்த்தேன். ஐயோ! குவியல் முழுக்கப் பச்சைப் பசேலென்று பூசணம். அதுதான் வளர வேண்டிய பயிர் என்று புத்திக்குத் தெரியும். ஆனால் கைக்குத் தெரியவில்லையே! ரவையில் பூசண வாடை அடித்தால் வெயிலில் பரப்பி இருபத்தாறு வருஷம் பழகிய கை. என் புத்தி விழித்துக்கொண்டபோது தார்ப்பாயை விரித்து அத்தனையையும் கொளுத்தும் வெயிலில் பரப்பி முடித்திருந்தேன். அப்பளம் காயப்போட்ட மாதிரி நடுவில் குடையை வேறு நட்டிருந்தேன், காக்காய்க்காக.

பதினொரு மணிக்கு மொபெட் சத்தம் கேட்டது. பூசணக்காரர் தார்ப்பாய் ஓரத்தில் வந்து நின்றார். ஒரு பிடி அள்ளினார். வெயிலில் பூசணம் செத்து, எரு சாம்பல் மாதிரி விரலிடுக்கில் உதிர்ந்தது.

“எப்பங்க ஆச்சு?” என்றார்.

“காலைல ஒம்போது மணிக்குங்க” என்றேன். என் குரலும் இழவு வீட்டுக் குரலாக இறங்கிவிட்டது.

கழுத்திலிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். காவேரி கொண்டுவந்த காப்பியைத் தொடவில்லை. அரைமணி நேரம் கழித்து எழுந்து, துக்க வீட்டில் சொல்லக் கூடாதல்லவா, ‘போய்ட்டு வர்றேன்’ என்று சொல்லாமல் கிளம்பினார். போகிற வழியில் வாய்க்காலில் இறங்கித் தலைமுழுகிவிட்டுச் சொட்டச் சொட்ட மொபெட்டில் போனதை ஊரே பார்த்தது.

மூன்றாம் போகத்துக்கு விட்டிருந்த நாற்றுகள் தட்டில் நெருக்கியடித்து வளர்ந்துவிட்டன. புதிதாக எரு பழுக்க வைக்க நாள் இல்லை. மச்சினன் போன் பண்ணி, டர்ஃபுக்கு எந்தப் பக்கம் கேட் வைக்கலாம் என்று கேட்டான்.

மூன்றாம் நாள் காலையில் மொபெட் வந்தது. முன்னால் ஒரு மூட்டை, பின்னால் ஒரு மூட்டை. இறக்கிவிட்டுப் போய் மறுபடி இரண்டு கொண்டுவந்தார். பிரித்தால், மழை பெய்த மண்வாசனையோடு பச்சை பூத்த எரு. எங்கே கிடைத்தது என்றேன். “இருந்துச்சுங்க” என்றார். நாற்றுகளின் வேரைப் பூசணப் பொடிக் கரைசலில் நனைத்து, குழிக்கு ஒரு பிடி எரு வைத்து அவரும் காவேரியும் நட்டார்கள். என்னைக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரப்பில் நிற்கச் சொன்னார். நின்றேன்.

செடிகள் எழுந்தன. வாரம் தவறாமல் வந்து, இருப்பதிலேயே நல்லதாக ஒன்றைப் பிடுங்கினார். வாடிச் செத்ததைவிட இவர் பிடுங்கிச் செத்ததுதான் அதிகம் என்று காவேரி அவர் காதுபடவே திட்டினாள்.

பூ இறங்கி, காய் பிடிக்கும் நேரத்தில் மச்சினன் டேப்போடு வந்தான். பூசணக்காரரும் அப்போது அங்கே இருந்தார். ஒரு செடியைப் பிடுங்கி, வெள்ளை வெளேரென்று சடைசடையாகத் தொங்கிய வேரை அவன் கையில் கொடுத்தார். “மாப்ளே, இத அளங்க பாக்கலாம்.”

அவன் அளந்தான். இரண்டு தரம் அளந்தான். டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, அக்காவிடம் வீட்டுக்குக் கொண்டுபோகக் கத்தரிக்காய் கேட்டான்.

அடுத்த வாரம் காவேரி ஒரு கூடைக் காயோடு பூசணக்காரர் வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“அவங்க மொளகாத் தோட்டத்துல பாதி வாடிப்போச்சுங்க. நமக்குக் கொண்டாந்து எறக்குனது அந்த மொளகாய்க்குப் பக்குவம் பண்ணி வெச்சிருந்த எருவாமா. அவரு வீட்டு அக்காதான் சொன்னாங்க.”

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உடனே போனேன். அவர் மிளகாய்த் தோட்டத்தில் குந்தி, வாடிய செடி ஒன்றைப் பிடுங்கிக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் வழக்கம்போல முகத்தைப் பார்க்கவில்லை.

“நல்லா இருக்கறதையே பாத்துட்டிருந்தா ஆகுமுங்களா? வாடுனதையும் பாக்கோணுமில்லீங்க.”

இப்போது அவர் காந்தலூரில் மகள் வீட்டோடு இருக்கிறார். அங்கே பூண்டு பிடுங்குகிறார் என்றும், பூண்டு அறுவடைக்கு இன்னும் நாள் இருக்கிறது என்றும் மருமகன் போனில் புலம்புகிறார். எப்போதாவது மலையிறங்கி இந்தப் பக்கம் வருவார்.

இந்தப் போகத்துக்கு நாற்று நட்டு முடித்தபின், காவேரி வரப்போரமாகத் தனியாக ஒரு குழி தோண்டினாள். எதற்கு என்று கேட்டேன்.

“அவரு வந்தா புடுங்கறதுக்குங்க” என்றாள். இருப்பதிலேயே நல்ல செடியைத்தானே அவர் பிடுங்குவார்! அந்தக் குழிக்கு மட்டும் இரண்டு பிடி எரு வைத்தாள்.