எல்லா நிறுத்தமும் சூலக்கரை

சிவகாசி வட்டாரத்து ஆட்களிடம் எதை வேண்டுமானாலும் கொடுங்கள், மாதிரியை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அப்படியே செய்துவிடுவார்கள். விருதுநகரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை (படித்தவன் என்ற நினைப்பு).

நானும் சில நண்பர்களும் சேர்ந்து, அடுத்த பஸ் நிறுத்தத்தின் பெயரைச் சத்தமாகச் சொல்லும் செயலி ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். திறந்த மூல மென்பொருள். அதாவது யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், சம்பளம் மட்டும் கேட்கக் கூடாது. என் அவசரத்துக்குக் காரணம் என் சித்தப்பா, அமீது சாச்சா. சர்க்கரையில் பார்வை மங்கியவர். திருத்தங்கலில் பருப்புக் கடை. விருதுநகரிலிருந்து தினமும் தனியாக பஸ்ஸில் போகிறவர், ஓரிரு முறை நிறுத்தத்தைத் தவறவிட்டதும், கடையை மூடிவிட்டு வீட்டில் இருங்கள் என்று பிள்ளைகள் ஆரம்பித்துவிட்டார்கள்.

"ஒருத்தன்கிட்டயும் கேக்காம நானா எறங்கணும்லே. அதுக்கு ஏதாச்சும் பண்ணு" என்றார் சாச்சா. பண்ணுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

வரைபடத்தில் எங்கள் மாவட்டத்து நிறுத்தங்கள் பெயரில்லாத வெறும் புள்ளிகளாக இருந்தன. சென்னையிலிருந்து இந்த வேலைகளை முன்னின்று நடத்திய கீதா, "தன்னார்வலர்களுக்குப் பத்து நிமிஷத்துல முடியுற சின்னச் சின்ன வேலையாப் பிரிச்சுக் கொடுங்க. படிச்சா சந்தேகமே வரக்கூடாது" என்றார். பிரித்தேன். புள்ளியைத் தொடவும், பெயரை எழுதவும், சேமிக்கவும். அதோடு நிறுத்தியிருக்கலாம். கீழே கொட்டை எழுத்தில் "மாதிரி: சூலக்கரை. இதன்படியே நிரப்பவும்" என்று ஒரு வரி சேர்த்தேன். என்ன தெளிவு என்று நானே வாசித்து வாசித்து ரசித்தேன்.

தன்னார்வலர்களாகக் கிடைத்தவர்கள், சிவகாசியில் பட்டாசு லேபிள் அடிக்கும் அச்சகத்தில் வேலை பார்க்கும் என் தங்கை மும்தாஜும் அவள் கூட்டாளிகளும். அந்தத் தொழிலில் ஆர்டர் கொடுத்தவர் ஒப்புக்கொண்ட சாம்பிள்தான் சட்டம். ஒரு புள்ளி மாறினாலும் லோடு அப்படியே திரும்பி வரும். ஞாயிற்றுக்கிழமை மும்தாஜ் போன் செய்தாள்.

"அண்ணே, சாம்பிள்ல இருக்கபடியேதான் போடணுமா?"

"ஆமா, ஒரு எழுத்து மாறக்கூடாது." (எழுத்துப்பிழையைப் பற்றிக் கேட்கிறாள் என்று நினைத்தேன். வாயில் பிரியாணி வேறு.)

"எந்த ஊரா இருந்தாலுமாண்ணே?"

"எந்த ஊரா இருந்தா என்ன? எல்லாத்துக்கும் ஒரே முறைதான்."

சரிபார்ப்பதையும் ஒரு குட்டி வேலையாக வைத்திருந்தேன்: 'மாதிரியோடு ஒத்துப்போகிறதா?' அதையும் அவர்களே செய்தார்கள். அத்தனைக்கும் 'ஆம்'. சாயங்காலம் திரை முழுக்கப் பச்சை. பச்சையைப் பார்த்த பிறகு பெயரை யார் பார்ப்பார்கள்! கீதாவைக் கூப்பிட்டு, "எங்க ஊர்க்காரங்க வேகம் அப்படி மேடம்" என்று பீற்றிக்கொண்டேன்.

அடுத்த வாரம் அவரே வந்துவிட்டார். சோதனை ஓட்டம் சரியாக அமைந்தால் செயலியை எல்லாருக்கும் வெளியிடுவதாக ஏற்பாடு. அவரும் நானும் சாச்சாவுமாகச் சிவகாசி பஸ்ஸில் ஏறினோம். சாச்சாவின் சட்டைப்பையில் போன், முழுச் சத்தத்தில்.

"அடுத்த நிறுத்தம், சூலக்கரை."

சூலக்கரை இருப்பது சாத்தூர் ரோட்டில். எங்கள் பஸ் அந்தப் பக்கமே போகாது. ஏதோ ஒன்றிரண்டு தப்பு என்று சமாளித்துக்கொண்டேன். ஆமத்தூர் வந்தது.

"அடுத்த நிறுத்தம், சூலக்கரை."

மூட்டையோடு உட்கார்ந்திருந்த அம்மா பதறி எழுந்தார். "ஏய்யா கண்டக்டரு, சிவகாசி பஸ்ஸுன்னுதான ஏறுனேன்? எங்கன கொண்டு போறீக?"

"யாருய்யா அது சூலக்கரை சூலக்கரைன்னு?" என்று கண்டக்டர் பாய்ந்து வந்தார். கீதா என்னைப் பார்த்தார். நான் என் போனைத் திறந்து ஒவ்வொரு புள்ளியாகத் தட்டினேன். வெம்பக்கோட்டை அணையும் சூலக்கரை, ஆலங்குளம் சிமெண்ட் ஆலையும் சூலக்கரை. தட்டத் தட்ட வேர்த்து ஊற்றியது.

நிமிர்ந்தால் சிவகாசி பஸ் நிலையம். திருத்தங்கல் எப்போதோ போய்விட்டது. கடை இருக்கும் ஊர்ப் பெயர் வரும் வரும் என்று சாச்சா அசையாமல் உட்கார்ந்திருந்தார். என்னை நம்பி அப்படி உட்கார்ந்திருக்கிறாரே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"மன்னிச்சிருங்க சாச்சா."

"ஏலே, எனக்குத்தான் கண்ணு தெரியாது. நீ எங்கன பாத்துக்கிட்டு வந்த? நீயாச்சும் எறங்கச் சொல்லியிருக்கலாம்ல?"

கீதா சிரித்த சிரிப்பில் அருகில் நின்ற பஸ்ஸின் டிரைவர் எட்டிப் பார்த்தார். சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "அவங்க மேல தப்பே இல்லைங்க. நீங்க கேட்டதைத்தான் கொடுத்திருக்காங்க."

மாதிரியைத் தூக்கினேன். 'இந்த நிறுத்தத்தில் இறங்குகிறவர்கள் கண்டக்டரிடம் என்ன ஊர் சொல்லி டிக்கெட் கேட்பார்கள்?' என்ற ஒரே கேள்வியை வைத்தேன். மும்தாஜ் கூட்டம் அதே வேகத்தில் (என்னை ஏசிக்கொண்டே) எல்லாவற்றையும் திருத்தியது. செயலி வெளியானது. கடையை மூடும் பேச்சும் நின்றது.

சாச்சா மட்டும் ஒரு நிபந்தனை போட்டார். "யாரு வேணும்னாலும் மாத்திக்கலாம்னு சொன்னேல்ல? அப்ப என் போன்ல திருத்தங்கலை மட்டும் சூலக்கரைன்னே விட்டுரு. தெனமும் சிரிச்சுக்கிட்டே எறங்குறேன்." திறந்த மூலம், மறுக்க வழியில்லை.

இன்றைக்கும் பஸ் திருத்தங்கலை நெருங்கினால் அவர் சட்டைப்பை 'சூலக்கரை' என்கிறது. சாச்சா யாரையும் கேட்காமல் கம்பியைப் பிடித்து எழுகிறார். போன மாதம் நான் கூடப் போனபோது, ஊருக்குப் புதிதான ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு, "இதுதான் சூலக்கரையா?" என்று பரபரத்தார்.

பஸ்ஸே சேர்ந்து பதில் சொன்னது: "அவருக்கு மட்டுந்தான்!"