கடைசி வரி வரைக்கும்

"வலது. மேல. கீழ. இடது. வலது."

கன்னிதாவோட மாமா கண் சோதிக்கிற அட்டையில கடைசி வரியையும் முடிச்சுட்டு, எப்படிங்கிற மாதிரி பாத்தாரு. கன்னிதா திடுக்கிட்டு அவரப் பாத்தா.

ஏன்னா நேத்து அவளே சோதிச்சு எழுதின தாள்ல இருந்தது வேற. ரெண்டு கண்ணுலயும் புரை. அட்டையில மேல இருக்கிற பெரிய எழுத்து மட்டும்தான் தெரியுது.

பத்தம்பாங் ஊரு கண்ணாஸ்பத்திரியில ரெண்டு வருஷ நர்சு படிப்புக்கு அது கடைசிப் பரீட்சை. ஆளுக்கு ஒரு நோயாளியக் கூட்டிட்டு வரணும். இவ எழுதினதும், பரீட்சை வைக்கிறவர் முன்னால நோயாளி சொல்றதும் ஒத்துப்போகணும். போகலன்னா சான்றிதழ் இல்ல, அடுத்த வருஷம் வான்னுருவாங்க.

"ஒரு எழுத்துகூட தப்பில்ல," தலைநகர் புனோம் பென்ல இருந்து பரீட்சை வைக்க வந்த நரின் சார் சொன்னாரு. "நீ எழுதினதுதான் தப்பு."

எப்படி நடந்துச்சுன்னு அவளுக்கு அப்பதான் உறைச்சுது. மூணு மாசமா இதே மாதிரி அட்டைய வீட்டுச் செவுத்துல மாட்டி, E மாதிரி மூணு கால் போட்ட ஒவ்வொரு எழுத்துக்கும் கால் எந்தப் பக்கம் நீட்டிருக்குன்னு சத்தம் போட்டுப் படிச்சா. அதுக்கு நேர் கீழதான் மாமா படுக்குற கயித்துத் தொட்டில்.

மாமா மூங்கில் ரயில் ஓட்டுறவரு, சக்கரத்து மேல மூங்கில் தட்டிய வச்ச சின்ன வண்டி. கண்ணக் காட்டுங்கன்னா, "தண்டவாளத்துலதான போகுது, பாக்குறதுக்கு என்ன இருக்கு?"ம்பாரு. எதுக்க வண்டி வந்தா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டா, "அவன் கத்துவான்ல?"

கன்னிதா குனிஞ்சு அவர் காதுல சொன்னா. "மாமா, தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க."

"தெரியாம என்ன?" மாமா ஊருக்கே கேக்குற மாதிரி சொன்னாரு. "நீதான தெனமும் சொல்லிக் குடுத்த. நேத்து வெறும் சோதனை, இன்னைக்கு உனக்கு மார்க்கு வரணும்ல?"

நரின் சார் பேனா நின்னுச்சு. "சொல்லிக் குடுத்தியா?"

"இல்ல சார். நான் படிச்சேன், அவரு கேட்டுட்டாரு."

சார் தாள்ல மூக்கு இடிக்கிற மாதிரி குனிஞ்சு என்னத்தையோ எழுதினாரு. என்னத்தன்னு பாக்க அவளுக்குத் தைரியம் இல்ல.

"எட்ட உக்கார வச்சு ஒரு தடவ பாக்கலாமா சார்?"

நாற்காலிய இழுத்து வராந்தாவுல போட்டா. அங்க இருந்து கண்டிப்பா தெரியாது. மாமா அங்க இருந்தும் சொன்னாரு, முன்னவிட வேகமா.

"பருந்துக்குக்கூட இவ்வளவு தெரியாது," நரின் சார் சொன்னாரு. "இவருக்கு எதுக்கு ஆபரேஷன்? மாலிஸ், திங்கக்கிழமை பட்டியல்ல இவர் பேர அடிச்சுரு."

வாசல்ல பட்டியலோட உக்காந்திருந்த ஆயா மாலிஸ் அக்கா, பேனாவ எடுத்துட்டு கன்னிதாவப் பாத்தா. அதே நேரம் திரும்பி வந்த மாமா தண்ணி டிரம்முல இடிச்சுக்கிட்டு, "மன்னிச்சுக்கம்மா"ன்னு டிரம்மு கிட்ட சொல்லிட்டு உள்ள வந்தாரு. சார் குனிஞ்சு எழுதிட்டிருந்தாரு.

கன்னிதா தூசி தட்டுற மாதிரி போயி அட்டையத் திருப்பி மாட்டினா. பின்பக்கமும் எழுத்துதான். மேல இருக்கிற பெருசு ரெண்டு பக்கமும் ஒண்ணு, மத்ததெல்லாம் வேற.

"மாமா, கடைசித் தடவ."

மாமா அதே பாட்டப் பாடினாரு. மாட்டிக்கிட்டாருன்னு அவ மூச்சு விட்டா.

நரின் சார் அட்டையப் பாத்தாரு. மாமாவப் பாத்தாரு. "எல்லாம் சரி. கடைசி வரி வரைக்கும்."

அவ திரும்பி அட்டையப் பாத்தா, பின்பக்கம்தான் இருந்துச்சு. வாத்தியாரத் தப்புன்னு அவ ஊர்ல யாரும் சொன்னதில்ல. சொன்னா சான்றிதழ் போயிரும். சொல்லலன்னாலும் போயிரும், மாமாவோட கண்ணும் சேந்து.

ரெண்டு கையையும் கூப்பினா.

"சார், அட்டையத் திருப்பி மாட்டிட்டேன். மாமா சொன்னது முன்பக்கம். பின்பக்கத்துல அப்படி இல்ல சார்."

"அடிப்பாவி," மாமா சொன்னாரு.

நரின் சார் கண்ணாடியக் கழட்டினாரு. தொடச்சாரு. மாட்டினாரு. மறுபடி கழட்டித் தொடச்சாரு.

"தெரியும்," அப்புறமா சொன்னாரு. "நான் தப்பா சொன்னா எவ வாயத் தொறக்குறான்னு பாக்கத்தான் அப்படிச் சொன்னேன். காலையில இருந்து ஒம்பது பேரு வந்தாங்க. நீ ஒருத்திதான் தொறந்த. மாலிஸ், அந்தப் பேரு இருக்கட்டும்."

கையெழுத்துப் போட்டாரு. அது கட்டத்தத் தாண்டி ஓரத்துல போயி விழுந்துச்சு. ஆனா கையெழுத்து கையெழுத்துதான்.

கன்னிதா தாள நெஞ்சோட அணைச்சுக்கிட்டு வெளிய வந்தா. பின்னாடியே மாமா, "இத்தன நாள் கஷ்டப்பட்டு மனப்பாடம் பண்ணினேன்"னு பொலம்பிக்கிட்டு. அவளுக்குச் சிரிப்பா வந்துச்சு. என்ன பெரிய மனுஷன் இந்த நரின் சாருன்னு நெனச்சுக்கிட்டா.

மாலிஸ் அக்கா அவ கையப் புடிச்சு இழுத்து, பட்டியலக் காட்டினா.

"திங்கக்கிழமை சொட்டு மருந்து விடுறது நீதான்டி. மொதக் கட்டில் உன் மாமா, ரெண்டாவது கட்டில் நரின் சார். புனோம் பென்ல புரைக்கு ஆபரேஷன் பண்ணிக்கிட்டா மானம் போயிருமாம்."