பெர்ப்பிஞானுக்கு வீடு கேட்கப் போனவர்

பெர்ப்பிஞான்,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின்.

அன்பின் மனைவி சுல்பிகாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நான் இங்கே உடம்பளவில் சுகம். மனதைப் பற்றிக் கேட்காதே. நீயும், மகள் அஸீஸாவும், நம் வளவில் உள்ள ஆடு கோழி வரை சகலரும் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆக் கேட்டு வருகிறேன். அந்தத் தொழுகைகளில் ஒரு சிக்கல் நடந்துவிட்டது. அதைப் பிறகு எழுதுகிறேன்.

கையில் போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு இதற்குக் காரணம் தேவையில்லை. ஆனாலும் சொல்கிறேன். நம் மூத்தவள் ஆதிலாவின் இந்த மாடி வீட்டுச் சுவர்கள் விசுக்கோத்துப் பெட்டி அட்டையால் செய்தவை. நான் முன் அறையில் தும்மினால் மருமகன் நஸீம் பின் அறையில் இருந்து “யர்ஹமுகல்லாஹ்” என்கிறார். அன்றைக்கு நீ போனில் “கேட்டீங்களா இல்லயா?” என்று சத்தம் போட, நான் “இஞ்ச மழ இல்ல” என்று பதில் சொன்னேனே, அப்போது ஆதிலா என் முழங்கைக்குப் பக்கத்தில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அதற்கு நீ போனை வைத்த வேகம் எனக்கு இன்னும் காதுக்குள் கேட்கிறது.

நீ சொல்லி அனுப்பியதை நான் மறக்கவில்லை. நம்மூரில் பெண்ணைப் பெற்றவன் வீட்டையும் கட்டிக் கொடுக்க வேண்டும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார், இது யாரும் மாற்ற முடியாத சட்டம். அதன்படி ஆதிலாவுக்குப் பின் தெருவில் வீடு கட்டினோம், நிக்காஹ் அன்று கதவுத் திறப்பை அவள் கையில் கொடுத்தோம். நஸீம் அந்த வீட்டில் சுவர் காயுமுன்னே பிரான்சுக்கு வந்து, அவளையும் கூப்பிட்டுக்கொண்டார். அன்று பூட்டிய வீடு. வெள்ளிக்கு வெள்ளி நீ போய்க் கூட்டுவதோடு சரி. இப்போது சம்மாந்துறையில் இருந்து அஸீஸாவுக்கு நல்ல இடம் வந்திருக்கிறது. பிள்ளையைப் பிடித்திருக்கிறது, படிப்பைப் பிடித்திருக்கிறது, “வீடு எங்க?” என்று மட்டும் கேட்கிறார்கள். இன்னொரு வீடு கட்ட நமக்கு நிலமும் இல்லை, எனக்குத் தெம்பும் இல்லை. பூட்டிக் கிடக்கிற வீட்டைத் தங்கச்சிக்கு எழுதிக் கொடு என்று ஆதிலாவிடம் கேட்க வேண்டும். “போன்ல கேக்கிற கதயில்ல இது, முகத்தப் பாத்துக் கேளுங்க” என்று நீதான் விமானம் ஏற்றினாய். வந்து முகத்தைப் பார்த்தேன். முகத்தைப் பார்த்தால் கேட்க வாய் வரவில்லை, இதுதான் இங்கே பிரச்சினை.

கேட்க முடியாதவனுக்கு இருப்புக் கொள்ளுமா? இருந்தால் எழும்பச் சொல்கிறது, எழும்பினால் நடக்கச் சொல்கிறது, நடந்தால் எங்கே போகிறாய் என்று கேட்கிறது. வாப்பாவுக்கு ஊர் பார்க்க ஆசை என்று ஆதிலா நினைத்துக்கொண்டு, வேலைக்கு லீவு போட்டு என்னை இழுத்துக்கொண்டு திரிகிறாள். இது பழைய ஊர். இன்றைக்குப் பிரான்சுக்குள் இருந்தாலும் ஆதியில் கட்டலான் என்று தனி மொழி பேசும் இனத்து அரசர்களின் ஊர். தெருப் பெயர்ப் பலகை இரண்டு மொழியில், பல்கனியில் மஞ்சளும் சிவப்பும் கோடு போட்ட கொடி. ரயில் நிலையத்துக்குப் போனால், இதுதான் உலகத்தின் நடு என்று எப்போதோ ஒரு ஓவியர் சொன்னாராம், அதைப் பெருமையாகக் காட்டுகிறார்கள். உலகத்தின் நடு கல்முனைச் சந்தை என்று நான் நினைத்திருந்தேன். விருந்தாளியாக வந்த இடத்தில் தர்க்கம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

முதல் முயற்சி அரண்மனையில் நடந்தது. மேட்டின் மேல் கோட்டை கட்டி, அதற்குள் மயோர்க்கா தேசத்து அரசர்கள் குடியிருந்த இடம். சுற்றிப் பார்த்தால், முற்றத்துக்கு ஒரு பக்கம் அரசனுக்கு இருப்பிடம், மறு பக்கம் அரசிக்கு இருப்பிடம். தொழுகைக்கும் அப்படியே, கீழே அரசிக்கு ஒரு ஆலயம், மேலே அரசனுக்கு இன்னொன்று. எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. வீடு என்றால் பெண்ணுக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும் என்று இவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. இதை வைத்தே பேச்சை எடுக்கலாம் என்று கோட்டை மதிலில் ஏறி நின்று, தொண்டையைச் சரிசெய்து, “மகள், இந்த அரசிக்கு ஒரு தங்கச்சி இருந்திருந்தா...” என்று தொடங்கினேன் பார், மலைப் பக்கம் இருந்து ஒரு காற்று வந்தது. இந்த ஊர்க் காற்றுக்குத் தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள், அவ்வளவு பொல்லாதது. நீ தைத்துத் தந்த வெள்ளைத் தொப்பியைத் தலையில் இருந்து எடுத்து, மதிலுக்கு அப்பால் யாரோ ஒருவருடைய கூரையில் கொண்டுபோய் வைத்துவிட்டது. ஆதிலா சிரித்தாள். நான் தொப்பியைத் தேடி மூன்று தெரு ஓடினேன். அரசியின் தங்கச்சி அங்கேயே நின்றுபோனாள்.

வெறுந்தலையோடு என்னை வீட்டுக்குக் கொண்டுபோக மனமில்லாமல், ஆதிலா ஒரு கடையில் புதுத் தொப்பி வாங்கித் தந்தாள். சிவப்புக் கம்பளி, நுனி மடிந்து காதோரம் தொங்குகிறது. அது கட்டலான்காரர் திருநாளுக்குப் போடுகிற தொப்பி என்பது எனக்கு எப்படித் தெரியும்? அதைப் போட்டுக்கொண்டு செங்கல் கோட்டை வாசலுக்கு வந்தால், எதிரே வருகிறவர்கள் எல்லாம் தங்கள் பெரியப்பாவைக் கண்டதுபோல் சிரிக்கிறார்கள். அங்கே ஒரு கூட்டம் வாத்தியம் வாசிக்க, ஆணும் பெண்ணும் கைகோத்து வட்டமாக நின்று, கைப்பைகளை நடுவில் குவித்துவிட்டு, மெதுவாகக் காலெடுத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். சத்தமில்லாத, மரியாதையான ஆட்டம். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் நின்று பார்த்த என்னைத் தொப்பியைக் கண்டு அவர்களில் ஒருத்தன் என்று நினைத்து, ஒரு பெரியவர் வலது கையைப் பிடித்தார். இடது கையைப் பிடிக்க ஒரு அம்மா வந்தார். நான் இடது கையைக் கழிசான் பைக்குள் போட்டு வெளியே எடுக்கவே இல்லை. வட்டம் என் ஒருவனால் உடைந்து நின்றது. வாத்தியம் நிற்கவில்லை. ஒரு கை மேலே, ஒரு கை பைக்குள், நான் எவ்வளவு தூரம் சுற்றினேன் என்று அல்லாஹ்தான் அறிவான். ஆதிலா தரையில் குந்தி இருந்து சிரித்தாள். கல்யாணம் முடிந்து போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரிக்கிற பிள்ளையிடம் வீட்டைக் கேட்கிறவன் மனிதனா, நீயே சொல்.

இனித் தொழுகைக் கதை. வந்த அன்றைக்கே நஸீமிடம் கடல் எந்தப் பக்கம் என்று கேட்டேன். “கிழக்கு மாமா” என்றார். நம்மூரைப் போலவே கிழக்கே கடல், மேற்கே மலை. எனக்கு மிகுந்த சந்தோஷம். பிறந்ததில் இருந்து கடலுக்கு முதுகைக் கொடுத்து நின்றால் அதுதான் தொழவேண்டிய கிப்லாத் திசை, இதற்கு யாரைக் கேட்க வேண்டும்? முன் அறையில் முசல்லா விரிப்பு வேறு பக்கம் பார்த்துக் கிடந்தது. இளம் பிள்ளைகள், கூட்டும்போது கோணலாகப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்து, நான்தான் ஒவ்வொரு முறையும் திருத்திப் போட்டேன். பள்ளிவாசலுக்குப் போன நாளிலும் சந்து சந்தாகத் திரும்பியதில் திசை பிடிபடவில்லை. மனதைத் திறந்து அழுதழுது கேட்டேன்: யா அல்லாஹ், எனக்குக் கேட்கிற தைரியத்தைக் கொடு, அவளுக்குக் கொடுக்கிற மனதைக் கொடு. ஒரு நாள் நஸீம் வேலையில் இருந்து நேரத்தோடு வந்து கதவடியில் நின்று பார்த்துவிட்டு, நான் சலாம் கொடுத்துத் தொழுகையை முடிக்கும் வரை காத்திருந்து கேட்டார்.

“மாமா, என்னத்துக்கு மக்காவுக்கு முதுகக் காட்டித் தொழுறீங்க?”

“கடலுக்குத்தானே மகன் முதுகக் காட்டுறன்.”

“இஞ்ச மக்கா கடல் பக்கம் மாமா. அங்கால கிறுகுங்க.”

நான் கிறுகவில்லை, திரும்பாமல் அப்படியே இருந்துவிட்டேன். நம்மூர் மக்காவுக்குக் கிழக்கே, இது மேற்கே என்று அவர் கையை விரித்து விளக்கினார். புவியியல் எனக்கும் தெரியும், தெரிந்து என்ன பயன்? இத்தனை நாள் துஆவும் ஸ்பெயின் பக்கம் போய்விட்டதே என்று வாய் விட்டுச் சொல்லிவிட்டேன். “துஆவுக்கு எந்தப் பக்கமும் ஒண்டுதான் மாமா, அல்லாஹ் எல்லாப் பக்கமும்தானே இரிக்கான்” என்றார் மருமகன். தங்கமான பிள்ளை. அப்படி என்ன பெரிய துஆ என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே விஷயம் முடிந்திருக்கும்.

கடைசி முயற்சி நேற்று. கீழ் மாடியில் மொன்செராத் என்று ஒரு அம்மா இருக்கிறார், தனிக்கட்டை, ஆதிலா மேல் உயிர். தேத்தண்ணிக்குக் கூப்பிட்டார். நான் பிரெஞ்சுக்காரி இல்லை, கட்டலான்காரி என்று உட்காருமுன்னே சொன்னார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. நாமும் எங்கே போனாலும் தமிழ் பேசுகிறோம், ஆனால் தமிழர் இல்லை, சோனகர் என்று இரண்டாம் வசனம் ஒன்று சொல்ல வேண்டியவர்கள்தானே. சரி, நேராகக் கேட்க முடியாததைச் சுற்றிக் கேட்போம் என்று ஒரு யுக்தி செய்தேன்.

“மகள், இவங்கட வழக்கத்தக் கேளு. ஒரு வாப்பாக்கு ரெண்டு பொம்புளப் புள்ளயள். மூத்தவட வீடு பூட்டிக் கிடக்கு. இளையவளுக்கு வீடு இல்ல. இவங்க என்ன செய்வாங்க எண்டு கேளு.”

ஆதிலா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அந்த அம்மாவிடம் பிரெஞ்சில் நீளமாகக் கதைத்தாள். அவர் எழும்பி வந்து இவள் கன்னத்தைத் தடவி ஏதோ சொன்னார்.

“என்னவாம்?”

“அவட தங்கச்சியும் இப்பிடித்தான் வீட்டக் கேட்டாவாம் வாப்பா. அண்டையிலிருந்து ரெண்டு பேருக்கும் கதையே இல்லயாம்.”

வாயில் இருந்த விசுக்கோத்து தொண்டைக்குப் போகவும் இல்லை, வெளியே வரவும் இல்லை. மொன்செராத் அம்மாதான் முதுகில் தட்டினார்.

ஆனாலும் சுல்பிகா, நான் முடிவெடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை எங்களைக் கடற்கரைக்குக் கொண்டுபோகிறார்கள். கடலைக் கண்டால் எனக்கு வாய் திறக்கும். சலாம் சொல்லி, பிஸ்மி சொல்லி, நேராகக் கேட்டுவிடுவேன், இன்ஷா அல்லாஹ். மாப்பிள்ளை வீட்டாருக்குத் துணிந்து ஆள் அனுப்பு, வீடு தயார், நாள் குறியுங்கள் என்று சொல். அஸீஸாவுக்கு என் அன்பும் துஆவும். பள்ளிவாசல் சிநேகிதர்களுக்கும், தபால் கந்தோரில் என்னை இன்னும் நினைக்கிறவர்கள் இருந்தால் அவர்களுக்கும் என் சலாம். உன் முழங்காலுக்கு எண்ணெய் பூசு. அல்லாஹ் நம் இரண்டு பிள்ளைகளுக்கும் பரக்கத் நிறைந்த வாழ்வைத் தரட்டும்.

இப்படிக்கு, உன்னை நினைத்து இங்கே நிலைகொள்ளாமல் திரியும்,
ஸைனுலாப்தீன்.

பி.கு: உறையை ஒட்டிய பிறகு பிரித்து எழுதுகிறேன். மேலே உள்ள எதையும் நம்பாதே, மாப்பிள்ளை வீட்டாருக்கு ஆள் அனுப்பாதே.

ஒட்டிக்கொண்டிருக்கும்போது ஆதிலா தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். “வாப்பா, மொன்செராத்துக்குத் தங்கச்சியே இல்ல” என்றாள். “அவ சொன்னது, உன்ட வாப்பா கேக்கேலாம முழிக்கிறார், நீயே சொல்லிடு எண்டு.”

“மறுகா ஏன் அப்பிடிச் சொன்ன?”

“வீட்டத் தங்கச்சிக்குக் குடுங்க எண்டு சொல்ல எனக்கு ஒரு நிமிசம் போதும் வாப்பா. அதோட, நாங்க இனி ஊருக்கு வாறல்ல, இஞ்சதான் எண்டும் சொல்லணுமே. அதத்தான் நானும் நீங்க வந்த நாள்ல இருந்து சொல்லப் பாக்கன். அதுக்குத்தான் உங்கள ஒவ்வொரு இடமாக் கூட்டிப் போற.”

சுல்பிகா, நான் கேட்க வந்ததை அவளே கையில் வைத்தாள். வாங்கிக்கொண்டு உனக்கு நல்ல சேதி எழுதவேண்டியவன்தான். “குடுத்த வீட்டத் திருப்பி வாங்குற வாப்பா நான் இல்ல” என்று சொல்லிவிட்டேன். அவள் கொடுக்கமாட்டேன் என்று சொல்லவேண்டும், ஒரு நாள் வருவேன் என்று சொல்லவேண்டும், அதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன் போல. எனக்கே அப்போதுதான் தெரிந்தது. பல்கனிக்குப் போய் நின்று அழுதேன். அவளும் வந்து நின்றாள்.

பிறகு யோசித்ததில் ஒரு வழி தெரிந்தது. நாம் இருக்கும் வீட்டை அஸீஸாவுக்கு எழுதுவோம். நீயும் நானும் ஆதிலாவின் வீட்டுக்குக் குடிபோவோம். பூட்டிய வீட்டுக்கு யார் வருவார்? நாம் உள்ளே இருந்தால், உம்மா வாப்பாவைப் பார்க்க என்றாவது வருடத்துக்கு ஒரு தரம் வந்து இறங்குவாள், தன் வீட்டிலேயே படுப்பாள். இதைச் சொன்னதும் ஆதிலா, “உம்மா சம்மதிப்பாவா?” என்று கேட்டாள். உம்மா எப்போதோ சம்மதித்துவிட்டா என்று சொல்லிவிட்டேன்.

நாம் இருக்கும் வீடு உன் வாப்பா உனக்குக் கட்டித் தந்த வீடு. கல்யாணத்தன்று ஒரு பெட்டியோடு அதற்குள் வந்தவன் நான். அதைக் கொடுக்க எனக்கு ஒரு உரிமையும் இல்லை, தெரியும். உன் முகத்தைப் பார்த்து இதைக் கேட்க என்னால் முடியாது, அதனால் இங்கே இருந்தே கேட்கிறேன். கடிதம் கிடைத்ததும் ஆதிலாவுக்குப் போனில் ஒரு கோல் எடுத்து, ஓம், சம்மதம் என்று மட்டும் சொல். நான் ஊருக்கு வருகிற டிக்கட்டை அதற்குப் பிறகு போடலாம் என்று நஸீமிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.