வெள்ளைக் கொடியைப் பார்த்துப் போனவன் கேட்கும் நியாயம்

அன்புள்ள மைத்துனன் தாங்கிசோவுக்கு,

அத்தான் மொகேதி எழுதுவது. மழை பெய்து ஓடை நிறைந்திருக்கிறது, மாடுகள் மெலியவில்லை, உன் அக்கா என்னோடு பேசுவதில்லை. மற்றபடி சுகம்.

முதலில் நன்றி. அறுபது தாண்டியவனை மலைச் சைக்கிள் பந்தயத்தில் சேர்க்கக் கூடாது என்று உன் குழுவே எதிர்த்தபோது, "அத்தான் சாயங்காலத்துக்குள்ள வந்து சேர்ந்தா அடுத்த வருஷமும் ஓட்டட்டும், இல்லேன்னா வயசு வரம்பு போட்டுடலாம்" என்று வழிவிட்டவன் நீ. அதை மறக்க மாட்டேன். ஆனால் பிந்தி வந்தேன் என்று பட்டியலில் என் பெயரை அடித்தாயே, அதை ஏற்கவும் மாட்டேன். யாரும் கற்றுத்தராமல் சைக்கிள் பழகியவன் நான். பிழை என் காலில் இல்லை, உன் கொடிகளில்.

நம் மலையில் ஒரு வீட்டின் முன் வெள்ளைக் கொடி பறந்தால், உள்ளே சோளத்தில் காய்ச்சிய கள் விற்பனைக்குத் தயார் என்று தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். நீயோ பாதை காட்ட நெடுகிலும் வெள்ளைக் கொடியாக நட்டு வைத்தாய். முதல் ஏற்றத்திலேயே கொடியைச் சுற்றி ஆடு மேய்ப்பவர்கள் போர்வையும் தகரக் குவளையுமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"ஐயா, கள்ளு எப்ப வரும்?"

"இது பந்தயக் கொடிப்பா. வழி விடு."

"விடியறதுக்கு முன்னாடி வந்து காத்துக் கிடக்கோம். கொடிக் கம்பையா நக்கிட்டுப் போறது?"

அடுத்த கொடியிலும் இதே கூட்டம், இதே கேள்வி. நான் நிற்காமல் மிதித்தேன். இந்த வயதில் இவ்வளவு வேகமாகப் போகிறவனுக்குக் கள் இருக்கும் இடம் தெரியாமல் இருக்காது என்று முடிவு செய்து, அவர்கள் ஆடுகளையும் ஓட்டிக்கொண்டு என் பின்னாலேயே ஓடிவந்தார்கள். இறக்கத்தில் என் பிரேக் கம்பி கழன்றது. பாறையில் சறுக்கி, ஓடைக்குள் விழுந்து, எழுந்து பார்த்தால் பாதையைக் காணோம். மேட்டில் ஒரு வெள்ளைக் கொடி மட்டும் தெரிந்தது. விதிப்படி அதை நோக்கிப் போனேன். அது மாலினேயோ வீட்டு வாசல்.

"வாங்க ஐயா, குதிரைய எங்க விட்டீங்க?" என்றாள் அவள்.

"அடுத்த கொடி எங்கேம்மா?"

"அடுத்த கொடி அடுத்த வாரந்தான். இன்னிக்கு நான் மட்டுந்தான் காய்ச்சியிருக்கேன்."

அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும். நான் தோளில் போர்த்தியிருந்த போர்வையின் ஊக்கைக் கழற்றி, வளைத்து, பிரேக் கம்பியை இறுக்கிக் கொடுத்தாள். மக்காச்சோளக் களியும் கீரையும் வைத்தாள். குவளையை நீட்டினாள், மறுப்பது மரியாதையில்லை. மேய்ப்பவர்களும் வந்து குடித்தார்கள். கடைசியில் கள்ளுக்கு வழி காட்டியவன் என்று என்னைச் சைக்கிளோடு கடைசி ஏற்றம் முழுவதும் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நாங்கள் வரும்போது நீ முடிவுக் கோட்டு அலங்கார வளைவைப் பிரித்து வண்டியில் ஏற்றியிருந்தாய். அதனால் என்ன? இரண்டு பேர் ஒரு போர்வையை உயர்த்திப் பிடித்தார்கள், நான் அதற்கு அடியில் புகுந்து முடித்தேன். அவர்கள் போட்ட சத்தம் உன் வெற்றியாளனுக்குக் கூடக் கிடைத்திருக்காது.

ஆகவே என் பெயரைச் சேர். கொடியின் நிறத்தை மாற்று. சிவப்பு வேண்டாம், இறைச்சி கேட்டு வருவார்கள். நீலம் வை, நீலத்துக்கு இங்கே யாரும் எதுவும் விற்பதில்லை.

அமைதியும் மழையும் விளைச்சலும் உன் வாசலை விட்டு நகராதிருக்கட்டும். பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அத்தான் மொகேதி

பின்குறிப்பு: உன் அக்கா இதைப் படித்துவிட்டாள். பந்தய நாளுக்குப் பிறகு இன்றுதான் வாயைத் திறந்தாள்: "முப்பது வருஷமா மாலினேயோ வீட்டுக் கொடிய மூடுபனியிலயும் கண்டுபிடிக்கிற மனுஷன்! அவருக்கு அது பந்தயக் கொடியாத் தெரிஞ்சுதாம்!" அவளை நம்பாதே. ஆனால் பெயரைச் சேர்க்க வேண்டாம், கொடியும் வெள்ளையாகவே இருக்கட்டும், வயது வரம்பையும் தாராளமாகப் போட்டுக்கொள். அடுத்த வருஷம் மேய்ப்பவர்கள் தனியாகப் பந்தயம் வைக்கிறார்கள். முடிவுக் கோடு மாலினேயோ வீட்டு வாசல். நீயும் வா, சைக்கிள் கட்டாயமில்லை.