படகு வீடாகுமா?

உலகில் வீடு கட்டியவர்கள் ஏராளம். ஆனால் 'வீடு' என்றால் என்னவென்று கண்டுபிடித்த பெருமை லண்டனில் உள்ள எங்கள் சுகாதாரத் துறைக்கே உரியது. அதைக் கண்டுபிடித்த வரலாற்றுச் சிறப்புமிக்க குழுவின் செயலாளர் அடியேன்.

கொரோனா ஊரடங்கில், கருக்கலைப்பு மாத்திரைக்காக யாரும் மருத்துவமனைக்கு அலைய வேண்டாம், டாக்டரிடம் தொலைபேசியில் பேசிவிட்டு இரண்டு மாத்திரைகளையும் வீட்டிலேயே விழுங்கலாம் என்று தாராள மனதோடு ஆணையிட்டோம். கரு பத்து வாரத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும். விழுங்கும் இடம் 'வீடாக' இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஹெட்டி ஃபெர்ன்ஸ்பி வந்து காரியத்தைக் கெடுத்தாள். வடக்கே ஸ்கிப்டன் ஊர்க் கால்வாயில் கரையோரம் கட்டிப்போட்டிருக்கும் படகில் குடியிருப்பவள். ஆஸ்துமா வேறு. ஒன்பது வாரமும் இரண்டு நாளும் ஆகியிருந்தது. படகு வீடாகுமா என்று டாக்டருக்குச் சந்தேகம் வந்து எங்களிடம் தள்ளிவிட்டார்.

குழு கூடியது. ஆறு பேரும் அவரவர் சமையலறையில், கணினி முன்னால்.

"படகு நகருமே!" என்றார் தலைவர் ட்விங், டோஸ்ட்டைக் கடித்தபடி. "முதல் மாத்திரை ஒரு ஊர்ல, ரெண்டாவது இன்னொரு ஊர்லன்னா யார் பொறுப்பு?"

"ஊரடங்குல படகு நகரக் கூடாதுன்னு நாமதானே சார் சொன்னோம்?" என்றேன்.

"அது வேற ஃபைல்ப்பா."

திரையில் காத்திருந்த ஹெட்டி ஒரு காகிதத்தைத் தூக்கிக் காட்டினாள்.

"சார், இது நீங்க அனுப்பின லெட்டர். 'உங்களுக்கு ஆஸ்துமா, பன்னிரண்டு வாரம் வீட்டை விட்டு வெளியே வராதீங்க'ன்னு இருக்கு. அட்ரஸைப் பாருங்க, என் படகு. வெளியே வராதேங்கும்போது வீடு, மாத்திரை கேட்டா படகா? இன்னும் அஞ்சு நாள்தான் சார் இருக்கு எனக்கு."

"மேடம், உங்க மைக்கைக் கொஞ்சம் அணைச்சு வையுங்க" என்று சொல்லிவிட்டு, ட்விங் ஒரு துணைக்குழுவை அமைத்தார்.

துணைக்குழு மின்னல் வேகத்தில் இயங்கியது. படுக்கை உண்டா, கதவில் தபால் போடத் துவாரம் உண்டா என்றெல்லாம் நாற்பது பக்கம் ஆராய்ந்து, டீ போடக் கெட்டில் இருக்கும் இடம் எதுவானாலும் வீடே என்று ஒன்பதாம் நாள் ஏகமனதாக முடிவு செய்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நல்ல செய்தியை நானே போனில் சொன்னேன். "வாழ்த்துகள் மேடம்! உங்க படகு வீடுதான்!"

மறுமுனையில் நீண்ட இருமல்.

"பத்து வாரக் கெடு தாண்டி நாலு நாளாச்சு சார். ரெண்டு பஸ் மாறி லீட்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போய் முடிச்சிட்டு வந்துட்டேன். பஸ்லதான் கொரோனா ஒட்டிக்கிச்சு போல." மூச்சு வாங்கினாள். "இதை நேர்ல வந்தே சொல்லியிருக்கலாமே? எங்க வீட்டையும் பார்த்த மாதிரி இருந்திருக்கும்."

நல்ல பெண்தான், ஆனால் விவரம் போதாது. வெளியே போவது எவ்வளவு ஆபத்து என்று அந்தக் கடிதத்தை எழுதியவனே நான்தானே!